ஆறாவது மாணவிக்காக மூண்ட பெரும்போர்

வாழ்க, மெய்யியல் துறையின் தனிப்பெருந்தலைவன்! வாழ்க, மூன்றாம் மாடியின் கடைக்கோடியில், ஏறிவந்தோர் எல்லாம் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும் எல்லைப்புறத்தில், ஒழுங்காக மூடாத கதவுடைய அறையொன்றை அரியணைக்கூடமாகக் கொண்டு ஆட்சிபுரிந்த அறிவுக்கடல்! எவர் எதை மொழிந்தாலும், அவர் மொழிந்து முடிக்குமுன்னே "ஆனா..." என்னும் ஒற்றைச் சொற்கணையைத் தொடுத்து, மொழிந்தவர் தம் சொல்லையே ஐயுறச் செய்தமையால், மாணவர் தொடங்கி வாயிற்காவலர் ஈறாக யாவராலும் 'ஆனா சார்' என்று அழைக்கப்பெற்ற அருந்திறலோன்! திருமணப் பதிவாளர் "சம்மதமா?" என்று வினவிய திருநாளிலும் "ஆனா..." என்றே வாயெடுத்து, மணமகள் திரும்பிப் பார்த்த ஒரே பார்வையில் "சம்மதம்" என்று முடித்தவன். அவன் புறங்கொடுத்த களம் அஃதொன்றே. அன்னவன் ஒரு பெண்பிள்ளையின் சேர்க்கையின் பொருட்டு ஆற்றிய அரும்போரை யாம் பாடப் புகுந்தோம்.

காவியம் தொடங்குவோர் காப்பு வேண்டுதல் முறை. ஆதலின், சேர்க்கைக் கூடத்தின் நடுவுச்சியில் தொங்கி, சுழல்வதா வேண்டாவா என்று நாள்முழுதும் எண்ணியெண்ணிச் சுழலும் மின்விசிறியே, நின் தண்ணளியை எம் நாவின்மேல் வீசுக. வீசாவிடினும் தலையில் விழாதிருக்க.

இனி, போர் மூண்ட காரணம் கேண்மின். மொழியும் வரலாறும் ஓவியமும் நாடகமும் மெய்யியலும் ஆகிய கலையெல்லாம், வணிகவியலோடு சேர்த்து, ஒருகூரையின்கீழ்க் கற்பிக்கும் தனியார் கல்லூரி அது. அதன் முதல்வர், கண்ணாடியாலேயே ஓர் அரங்கம் எழுப்பினால் பிள்ளைகள் கடலெனத் திரண்டு வருவர் என்று கனாக்கண்டு, வங்கியில் கடன்வாங்கி, வானளாவ எழுப்பினார். புறாக்கள் வந்தன. நாளெல்லாம் வெயிலை வாங்கி உள்ளே தேக்கிய அவ்வரங்கத்தைக் குளிர்விக்கப் புகுந்த மின்கட்டணமோ, சேமிப்பை எல்லாம் யானை புகுந்த கரும்புத் தோட்டமாக்கியது.

அந்நிலையில் எழுந்தருளினார் நிதி அலுவலர். செலவறுத்த செம்மல், விளக்கு இரண்டு எரியுமிடத்தில் ஒன்றை அணைத்தவர், கூட்டங்களில் காபியைத் தேநீராக்கி, தேநீரைத் தண்ணீராக்கி, தண்ணீர் செலவாகிறதென்று கூட்டத்தையே சுருக்கியவர். கல்லூரி அவருக்கு இட்ட பட்டம் 'கத்தரி'. ஆயினும் கொடியவர் அல்லர். ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரும் அவர்மேல் பாய்ந்தபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எனக்கு மட்டும் ஆசையா? ஒண்ணாந்தேதி ஆனா உங்க எல்லாருக்கும் சம்பளம் போடணும்ல?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டபின் ஆணை ஒன்று பிறப்பித்தார். சேர்க்கையின் இறுதிநாள் மாலைக்குள் புதியவர் அறுவரைப் பெறாத துறை எதுவாயினும், அது மூடப்பட்டுப் 'பொதுத்திறன் துறை'யோடு இணைக்கப்படும். அதன் ஆசிரியர், அலுவலக மின்னஞ்சல் எழுதும் முறையை அனைவர்க்கும் கற்பித்தல் வேண்டும்! 'உண்மை என்பது யாது?' என்று தலைநரைக்கக் கேட்டுவந்த ஒருவர், 'தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றேன்' என்று கரும்பலகையில் எழுதும் காட்சியை எண்ணுமின்! ஆனா சார் எண்ணினார். அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இறுதிநாளும் வந்தது. மாலைவெயில் சாய்ந்தது. மெய்யியலின் மேசையில் சேர்ந்தோர் ஐவர். அடுத்த மேசையில், ஐயகோ, நாடகத் துறையிலும் ஐவர்! அம்மேசைக்கு உரியவள் யார்? அரங்கதிர முழங்கும் குரலுடையாள். இரகசியம் பேசினாலும் கண்ணாடி அரங்கத்துப் புறாக்களைக் கிளப்பவல்லாள். நடக்கும்போது சால்வையே ஒரு படையெனப் பின்தொடரப்பெற்றாள். அவளை மாணவர் 'இடி மேடம்' என்றனர். இருவரும் வாயிலையே நோக்கி, குளக்கரையில் ஒற்றைக்கால் ஊன்றிய இரு கொக்குகளெனக் காத்திருந்தனர்.

வந்தது மீன்! டயர் கடைக்காரர் ஒருவர், கைவிரல் இடுக்கில் கழுவியும் போகாத கருமையோடு, தம் ஒரே மகளை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். வணிகவியல் வேண்டி வந்தார். வணிகவியலோ இடமின்றி நிரம்பி வழிந்தது. "ஃபுல்லுங்க. வேற ஏதாச்சும் பாருங்க" என்றார் வாயிலில் இருந்த எழுத்தர்.

'வேற ஏதாச்சும்'! அச்சொல் காதில் விழுந்ததும், ஊழிக்காற்று அடித்த இரு மலைகளென இரு துறைத்தலைவரும் எழுந்தனர். எழுந்த வேகத்தில் ஆனா சாரின் வலக்காற் செருப்பு மேசைக்கடியில் சிக்கி மாண்டது. வீரர் விழுந்த தோழனைத் திரும்பிப் பார்ப்பரோ? ஒற்றைச் செருப்போடு பாய்ந்து, டயர் கடைக்காரரின் வலக்கையைப் பற்றினார். இடக்கையை ஏற்கெனவே இடி மேடம் பற்றியிருந்தார்.

"வாங்க சார், உக்காருங்க. மெய்யியல்னா வேற ஒண்ணும் இல்ல. யோசிக்கக் கத்துக்குடுப்போம்."

"யோசிச்சு யோசிச்சுதான் சார் எனக்கு முடியே கொட்டிச்சு" என்றார் டயர் கடைக்காரர். "இவளும் அதுக்குக் காசு குடுத்துப் படிக்கணுமா?"

முதல் அடி மார்பில் விழுந்தது. தலைவர் தளர்ந்திலர். ஆயினும் அடுத்து வந்ததோ, தகப்பன்மார் யாவரும் இடுப்பில் மறைத்துக் கொணரும் நஞ்சுதோய்ந்த வேல்:

"படிச்சா வேலை கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றார் ஆனா சார். அத்தோடு நிறுத்தியிருந்தால் வரலாறு வேறாயிருக்கும். பொய்யுரைக்க அறியாத அவ்வாய், தன் பழகிய படைக்கலத்தைத் தன்மேலேயே ஏவிக்கொண்டது. "ஆனா..."

"நாடகம் படிச்சா 'ஆனா'வே கிடையாது!" என்று இடித்தார் இடி மேடம். மின்விசிறி ஒருகணம் விரைந்து சுழன்றது. "டிவி இருக்கு, சினிமா இருக்கு, விளம்பரம் இருக்கு. குரலுக்கு மட்டுமே ஆயிரம் வேலை!"

"டிவில வருவாளா?"

"வராம?"

தம் படை சிதறக் கண்ட ஆனா சார், கற்றோர் கைக்கொள்ளாத கொடும்போருக்குத் துணிந்தார். "கட்டணத்துல கால்வாசி குறைக்கச் சொல்றேன்" என்றார். "நான் அரைவாசி!" என்றார் இடி மேடம். "முக்கால்!" "முக்காலும், கேண்டீன்ல சாப்பாடும்!" "அதோட நாலாம் மாடில... இல்ல, மூணாம் மாடில, என் ரூம்ல உக்காந்து படிச்சுக்கலாம். என் சேரையே தரேன்!"

டயர் கடைக்காரரோ வாய்திறந்தாரில்லை. எந்நாளும் பேரத்தில் வாழ்பவர் அவர். எதிரி தானே இறங்கிவரும்போது இடைமறித்தல் மடமை என்பதை அறிந்தவர். மோவாயை மட்டும் தடவிக்கொண்டார். அத்தடவலின் முன் கல்லூரியின் கருவூலம் வெயிலில் வைத்த வெண்ணெயாய் உருகிற்று.

கூடத்தின் மறுகோடியில் கணிப்பொறிமுன் குனிந்திருந்த கத்தரியின் செவியில் 'முக்கால்' என்னும் சொல் விழுந்தது. வேங்கையின் குரல்கேட்ட மான் ஓடும். தள்ளுபடியின் குரல்கேட்ட நிதி அலுவலரோ குரல்வந்த திசைநோக்கியே ஓடுவார். ஓடிவந்தார்.

"யாரு வீட்டுக் காசு சார் அது? இப்படியே போனா, நாமதான் அந்தப் பொண்ணுக்கு மாசாமாசம் குடுக்கணும்!"

"எவ்வளவு குடுப்பீங்க?" என்றார் டயர் கடைக்காரர், பேரம் தொடங்கியபின் முதன்முறையாக வாய்திறந்து.

மூவரும் நாலாபுறமும் ஒரேவேளையில் முழங்க, கூடம் போர்முரசுகள் கிழிந்த களமாயிற்று. அவ்வேளை, எவர் பொருட்டு இத்தனை அமர்க்களமோ அப்பெண், யாரும் தன்னைப் பொருட்படுத்தாத நிம்மதியில், நாடகத்துறை மேசையில் ஒட்டியிருந்த புகைப்படம் ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஒருத்தி, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக, மண்டியிட்டு அழும் படம் அது.

"மேடம், இவங்க நிஜமாவே அழறாங்களா?"

"நிஜக் கண்ணீரும்மா! கிளிசரின் எல்லாம் நம்மகிட்ட கிடையாது. தினம் அந்தக் காட்சி வந்தா தினம் அழுவா."

"அவங்களுக்கு நிஜத்துல ஒரு கஷ்டமும் இல்லையே. அப்ப கண்ணீர் மட்டும் எப்படி நிஜமாகும்? அது பொய்யா, உண்மையா?"

ஆண்டாண்டுகளாய் 'சார், இது பரீட்சைக்கு வருமா?' என்னும் ஒரே வினாவைக் கேட்டுக்கேட்டுக் காய்ந்து கிடந்த ஆனா சாரின் நெஞ்சில், அக்கேள்வி முதல்துளியென வீழ்ந்தது. சேர்க்கை மறந்தார். செருப்பு மறந்தார். மின்னஞ்சல் கற்பிக்கும் ஊழ்வினையும் மறந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பெண்ணின் எதிரே அமர்ந்தார்.

"பொய்தாம்மா. ஆனா..."

"என்ன பொய்?" என்று தாமும் நாற்காலியை இழுத்தார் இடி மேடம். "உடம்பு நடுங்குது, தொண்டை அடைக்குது, தண்ணி வருது. இதுல எது சார் பொய்?"

"எதுக்காக அழறாளோ, அது பொய். இல்லாத பிள்ளைக்கு அழறா."

"பாக்க வந்தவங்களும்தான் அழறாங்க. அவங்களுக்கும் அந்தப் பிள்ளை இல்ல. அப்ப அரங்கம் முழுக்கப் பொய்யா?"

"அட, இது நல்ல கேள்வி" என்றார் ஆனா சார். ஒரே தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி நடந்துவந்த இரு பகைவரும், அன்றுதான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாய்ப் பார்த்தனர்.

டயர் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. 'இந்த விலைக்குக் குடுத்தா எனக்கு நஷ்டம் சார்'னு தினமும் சொல்றேன். நஷ்டமே இல்ல. ஆனா சொல்லும்போது உள்ள என்னமோ பண்ணும். கண்ணுகூடக் கலங்கும். அதை என்னன்னு சொல்றது?"

"அது நடிப்பு!" என்றார் இடி மேடம், பெருமிதத்தோடு.

"இல்ல, அது நம்பிக்கை" என்றார் ஆனா சார்.

நின்றுகொண்டே இருந்த கத்தரி மெல்ல உட்கார்ந்தார். "நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் 'ரொம்ப வருத்தத்தோட சொல்றேன்'னுதான் ஆரம்பிப்பேன். எல்லாரும் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க" என்றார். "நடிக்கலீங்க."

இடி மேடம், தம் வாழ்நாளிலேயே மிக மெல்லிய குரலில், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தம் பாட்டிலை நீட்டினார்.

அப்போது அப்பெண் கேட்டாள்: "ரெண்டையும் சேத்துப் படிக்க முடியாதா?"

எவ்வளவு எளிய சொற்கள்! கோட்டை மதிலை யானைப்படை கொண்டு முட்டிச் சலித்தோர்க்குத் திட்டிவாசல் திறந்தே கிடந்த கதை! 'இணைப் பாடத்திட்டம்' என்று ஒன்று கல்லூரிக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உண்டு; அதை எழுதியவர் தவிர எவரும் படித்தாரில்லை, எழுதியவரும் ஓய்வுபெற்றுவிட்டார். கத்தரி நினைவுகூர்ந்தார். உடனே முகம் வாடினார்.

"இருக்கு. ஆனா அதுல சேர்ந்தா ஒரு துறைக்கு அரை ஆள்னுதான் கணக்கு. உங்களுக்கு அஞ்சரை. இவங்களுக்கும் அஞ்சரை. ஆறு வேணுமே."

அஞ்சரை! இருபெரும் வேந்தரும் கரைகாணும் பொழுதில் கலம்கவிழ்ந்த வணிகரென நின்றனர். ஆனா சார் வாய்திறந்தார். வாழ்வில் முதன்முறையாக, அவ்வாயிலிருந்து அச்சொல் வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. அந்த மௌனத்தைக் காணச் சகியாதவராய்க் கத்தரி தம் கணிப்பானை எடுத்தார், தட்டினார், மீண்டும் தட்டினார், கூரையைப் பார்த்தார். பின்னர், எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் காணாத ஓர் இளநகை அவர் முகத்தில் அரும்பிற்று.

"நம்ம அலுவலகத்துல அரை வந்தா முழுசாத்தான் எடுப்போம்" என்றார். "நான் வெச்ச விதிதான். கட்டணம் வசூலிக்க வெச்சேன். ஆளுக்கும் அதே விதிதானே?"

ஆறு! அங்கும் ஆறு! ஒரு பெண் இருவராகி இரு நாடுகளை மீட்டாள்! இடி மேடம் எழுப்பிய வெற்றிமுழக்கத்தில் கண்ணாடி அரங்கத்துப் புறாக்கள் ஒருங்கே எழுந்து வானை மறைத்தன.

"அந்த முக்கால் தள்ளுபடி?" என்று நினைவூட்டினார் டயர் கடைக்காரர்.

அதன்பின் அவருக்கும் கத்தரிக்கும் இடையே நிகழ்ந்த தனிச்சமரை விரிக்கின் பெருகும். இருவரும் மோவாய் தடவினர். இருவரும் நஷ்டம் என்றனர். இருவர் கண்ணும் கலங்கின. ஈற்றில், கட்டணத்தில் கால்பங்கு குறைவதென்றும், கல்லூரிப் பேருந்துகளுக்கு அடக்க விலையில் டயர் வருவதென்றும் உடன்படிக்கை ஆயிற்று. அப்பெண் கையொப்பமிட்டாள்.

இவ்வாறு மெய்யியல் மீண்டது, நாடகம் நிலைத்தது. திசையெட்டும் புகழ்மணக்க, இடப்பக்கம் மெய்யியல் வேந்தன் ஒற்றைச் செருப்போடும், வலப்பக்கம் நாடக அரசி படையெனப் பின்தொடரும் சால்வையோடும், நடுவே கருவூலக் காவலன் கணிப்பானை வாளெனத் தாங்கியும், கண்ணீர் பொய்யா மெய்யா என்று படிதோறும் நின்று வாதிட்டு வாதிட்டு இறங்கி, பகைமறந்த பெருவீரர் ஒரே கலத்தில் பருகுவதுபோல் தேநீர் பருகி அவ்வெற்றியைக் கொண்டாடுவான் வேண்டி, அந்திச்செவ்வொளி வழியெல்லாம் செம்பட்டு விரிக்கக் கேண்டீனை நோக்கி அணிவகுத்துச் சென்றனர்.

கேண்டீன் மூடியிருந்தது.