நியூட்ரலும் எங்கள் தெரு மேடும்

பெங்களூரில் எந்தச் சாலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மழைநீருக்கு அடுத்தபடியாக முழுமையாக அறிந்தவர் ஒருவரே. அவர் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டின் ‘நியூட்ரல்’. பெற்றோர் இட்ட பெயர் அவருடைய லைசென்ஸில் இருந்திருக்கும். நாங்கள் எவரும் கேட்டதில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவை ஒட்டிய அந்த ஸ்டாண்டில் நானும் ஆட்டோ ஓட்டிவந்தேன். சாலை சற்றே சரிந்தாலும் போதும். அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். வண்டி பேசாமல் உருளும். ஒருமுறை பின்னிருக்கையில் இருந்த பெரியவர் நடுங்கிப்போனார்.

“ஏம்பா, வண்டி செத்துப்போச்சா?”

“இல்ல பெரியவரே. மூச்சப் புடிச்சிக்கினு கீது. கீழ போனதும் உட்டுரும்.”

ரயில் நிலையத்துக்கு நேர்வழி இருக்க, இறக்கமான சாலைகளாகத் தேடி இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போவார். சுற்றினால் கேஸ் கூடுதலாகத்தானே செலவாகும் என்று நான் எடுத்துரைத்தேன்.

“அந்த ரெண்டு கிலோமீட்டர் சும்மா வந்ததுணா. சும்மா வந்தத கணக்குல சேக்கக் கூடாது” என்றார்.

மேட்டுப் பக்கம் எவர் அழைத்தாலும் போகமாட்டார். என் வீடோ செங்குத்தான ஒரு சந்தின் உச்சியில் இருந்தது. என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு, புது வேட்டியும் கையில் ஒரு சுவர்க் கடிகாரமுமாக மூச்சிரைக்க நடந்து வந்தார். வண்டியிலேயே வந்திருக்கலாமே என்றேன்.

“உங்க பொண்ணு நிச்சயத்துக்கு என் சிலிண்டர் இன்னாத்துக்குணா காலியாவணும்?”

இனி என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியைத் துறந்த நான், செய்தித்தாளின் வணிகப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தே பொருளியல் அறிஞன் ஆனவன். ஸ்டாண்டில் என்னை ‘எகனாமிக்ஸ்’ என்றே அழைத்தார்கள். அது கேலி என்பது எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது.

எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறும், உலகத்தில் தொழில் மந்தமானால் இறங்கும், டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் மீண்டும் ஏறும், இவை அனைத்தின் தலையிலும் வரி வந்து உட்காரும் என்று தினமும் விரித்துரைப்பேன். நியூட்ரல் பொறுமையாகக் கேட்பார்.

“ஏத்தத்துல மட்டும் சர்ருனு ஏறுது. எறக்கத்துல ஏன்ணா நவுரவே மாட்டேங்குது? அதுக்கு நியூட்ரல் போடத் தெர்ல” என்பார். என் அரைமணி நேர உரை அத்துடன் முடிந்துவிடும்.

ஆட்டோ கேஸ் விலை மாதம் பிறக்கையில் மாறுவது வழக்கம். ஒரு மாதக் கடைசி நாளன்று, கடல்வழியில் எங்கோ கப்பல்கள் தடைப்பட்ட செய்தியைப் படித்த நான், பெஞ்சின் மேல் ஏறி நின்று அறிவித்தேன்: “நாளைக்குக் கட்டாயம் ஏறும். இன்னிக்கே எல்லாரும் ரொப்பிக்குங்க!”

ஸ்டாண்டே என் பின்னால் கேஸ் நிரப்பும் பங்க்குக்கு வந்தது. நியூட்ரல் மட்டும் வரவில்லை. பங்க் இருந்தது மேட்டில். நாங்கள் வரிசையில் நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. மாலை மழைதான் எங்கள் தொழிலுக்குத் திருவிழா. ஊரே “ஆட்டோ, ஆட்டோ” என்று கூவ, ஓடியது நியூட்ரலின் வண்டி ஒன்றே. மறுநாள் காலை விலை இறங்கியது. நான் படித்தது அந்த வாரத்துச் செய்தி. விலையோ அதற்கு முந்தைய நிலவரத்தை வைத்து முடிவாகியிருந்தது. அதுவும் வணிகப் பக்கத்திலேயே இருந்ததாம். என் விரல் அந்த வரியைத் தாண்டிவிட்டது.

“இன்னா குரு, நாளிக்கி மழ வருமா? வராதுனு சொல்லு, கொட வாங்கிக்கறேன்” என்றார் சக ஓட்டுநர் சலீம். எல்லோரும் சிரித்தார்கள்.

காய்ச்சல் என்று மனைவியிடம் சொல்லி மூன்று நாள் படுத்துக்கொண்டேன். இனி அந்த ஸ்டாண்டில் கால் வைப்பதில்லை, என் புலமை அறியாத பீன்யா பக்கம் போய்விடுவது என்று தீர்மானித்தேன். இருபது வருடப் பழக்கத்தை விட்டுவிடுவது எளிதாக இல்லை.

நான்காம் நாள் காலை, முதல் கியரில் முனகியபடி ஓர் ஆட்டோ சந்தில் ஏறும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். நியூட்ரல்! வாசலில் நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை.

“இன்னாணா, ஜுரமா, வெக்கமா?”

“ஜுரம்.”

“ஸ்டாண்டுல பேப்பரு மூணு நாளா மடிச்சது மடிச்ச மாரியே கெடக்குது. எவனும் பிரிக்கல. கெளம்புங்க.”

“நான் சொன்னதுதான் தப்பாப் போச்சேப்பா.”

“நீங்க சொன்னதுல இதுவரிக்கும் எதுணா சரியா போச்சி? நாங்க கேக்கலியா?”

“நீ போ. நான் வரல. மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணு, கேஸ் வீணாப் போவுது!”

“எரியட்டும். நீங்க வர்ற வரிக்கும் ஆஃப் பண்ண மாட்டேன்.”

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த எஞ்சின் ஓசையை என்னால் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. முகம் மழித்துக் காக்கிச் சட்டை மாட்டி ஓடிவந்தேன். அதற்குள் கால் மணி நேரம் கேஸ் எரிந்திருந்தது.

சந்தின் சரிவு தொடங்கியதும் அவர் எஞ்சினை அணைத்தார். பின்னால் என் வண்டியில் வந்த நானும், வாழ்க்கையில் முதன்முறையாக, அணைத்தேன். இரண்டு வண்டிகளும் சத்தமில்லாமல் ஸ்டாண்டை நோக்கி உருண்டன.