பனிக்காட்டுப் படமும் பருத்திப்பட்டு ஏரியும்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு சாயங்கால நடைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் நடைக்கு மட்டும். விஜி எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சுகர் வந்த நாளிலிருந்து என் சுகம் போயிற்று. டாக்டர் "நடங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். என் மனைவி விஜி அதைச் சட்டமாக்கிவிட்டாள். அம்பத்தூர் ஆபீஸ் முடிந்து, ரயிலில் நசுங்கி, ஆவடியில் இறங்கி வீடு வந்தால் ஒரு டம்ளர் மோர். அடுத்த நிமிடம் பருத்திப்பட்டு ஏரி.

"இது நடைமுறைக்கு ஒத்துவராது விஜி."

"நடை முறையா இருந்தா ஒத்துவரும்."

அவள் அப்பாவுக்கு இதே சுகரில் ஒரு பாதம் போனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. என் காலை மட்டும் அவ்வப்போது உற்றுப் பார்ப்பாள். நன்றாக இருக்கிற காலை அப்படிப் பார்த்தால் காலுக்கே கூச்சமாக இருக்கும்.

என் திட்டம் எளிமையானது. பல்லி விழுந்தாலே தெருமுனை வரை கேட்கும்படி அலறுகிறவள் விஜி. ஆபீஸில் எல்லோரும் ஒரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பனிக்காடு, தனி ஆள், பழிவாங்கல். பார்த்தவர்கள் இரண்டு நாள் கதவைத் திறந்துவைத்துக் குளித்தார்களாம். அதைப் போட்டுக் காட்டினால் ஏரியின் அந்தப் பக்கத்துப் புதரைக் கண்டாலே விஜி நடுங்குவாள். நடை நிற்கும். நான் சோபாவில் சாய்ந்து, ஆபீஸ் பைக்குள் ஒளித்து வைத்திருக்கும் லட்டை அமைதியாகச் சாப்பிடுவேன்.

ஞாயிறு மத்தியானம் படம் தொடங்கியது. பக்கத்து வீட்டு ராஜம்மாவும் முறுக்கோடு வந்து உட்கார்ந்தார்.

கதை இதுதான். மரம் வெட்டப் போன நான்கு பேரில் ஒருவன் மேல் மரம் விழுகிறது. மற்ற மூவரும் அவன் குதிரையையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு அவனைப் பனியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் சாகவில்லை. பச்சை மீனைத் தின்று, ஊர்ந்து, மிருகம் மாதிரி ஆகி, ஒவ்வொருவனாகத் தேடி வருகிறான். அவன் வருவதற்கு முன்னால் கதவுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்கும். மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிக்கிற சத்தம். அவ்வளவுதான். அப்புறம் விளக்கு அணையும்.

முதல் உறிஞ்சலிலேயே நான் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா தம்பி, நீ பாக்கவே இல்லியே" என்றார் ராஜம்மா. "பாவம், அந்த உட்டுட்டுப் போனவனுக்கும் புள்ளகுட்டி கீது. ஊட்டுக்குப் போவ வேணாமா?"

"விஜி, பயமா இருந்தா நிறுத்திடலாம்" என்றேன் தலையணைக்குள்ளிருந்து.

எட்டிப் பார்த்தேன். விஜி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கு பாதி வாயில் நின்றிருந்தது.

"மெதுவா வர்றான் பாருங்க" என்றாள். "அவசரமே படல."

பிறகு ரிமோட்டை வாங்கி அந்தக் காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தாள்.

படம் முடிந்ததும் எழுந்து போனாள். பாத்திரம் கழுவினாள். மறுநாள் சாயங்காலம் மோரை நீட்டிவிட்டு, "நீங்க இருங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றாள். கெஞ்சல் இல்லை, முறைப்பு இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பி, "விட்டுட்டு வரேன் உங்கள" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஃபேனைப் போட்டேன், பையைத் திறந்தேன், லட்டை எடுத்தேன். பாதி தின்றிருப்பேன்.

"இனிக்குதா?"

பின்னால் விஜி நின்றிருந்தாள். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. கணுக்கால் வரை சேறு.

"எப்ப வந்த?"

"நீங்க பையத் திறந்தீங்களே, அதுக்கு முன்னாடியே."

திட்டவில்லை. லட்டைப் பிடுங்கவில்லை. கால் கழுவப் போய்விட்டாள். இருபது வருட தாம்பத்தியத்தில் அவள் திட்டாத முதல் லட்டு அது. மீதியைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை இருட்டத் தொடங்கிய நேரம். சமையலறைப் பின்கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக, ஈரமாக, ஒரு உறிஞ்சல். கொஞ்ச நேர அமைதி. மறுபடியும் ஒன்று, இப்போது கதவுக்கு இன்னும் பக்கத்தில். டிவியை நிறுத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். என் மூச்சையும் முடிந்தவரை நிறுத்தினேன். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தால் யாரும் இல்லை. துவைக்கிற கல்லின் மேல் ஒரு மீன் கிடந்தது. பச்சை மீன். பாதி இல்லை.

விஜி வந்ததும் காட்டினேன். அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"பூனையா இருக்கும்" என்றேன்.

"பூனை இப்படியா நேரா வெட்டும்?" என்று மீனைக் குப்பையில் போட்டாள். "விட்டுட்டுப் போனவங்களத் தேடித்தான் அது வரும். நீங்க யாரையும் விட்டுடலையே?"

அன்று அவள் பக்கத்தில் படுத்திருந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு நன்றாக வந்தது.

புதன்கிழமை முன்னெச்சரிக்கையாக எல்லாக் கதவையும் தாழிட்டேன். லட்டுப் பையைத் திறக்கவே மனம் வரவில்லை. வெளிச்சம் போகிற நேரத்தில் பின்கதவில் உறிஞ்சல் தொடங்கியது. அதோடு, மரக்கதவை நகத்தால் மெதுவாகக் கீறுகிற சத்தமும். மேலிருந்து கீழே. அவசரமே படாமல்.

முன்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ராஜம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. விஜி ஏரியில் இருப்பாள் என்று அந்தப் பக்கம் ஓடினேன்.

நடைபாதையில் ஆள் குறைந்துவிட்டிருந்தது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. விஜியைத் தேடிக்கொண்டே அந்தப் பக்கத்துப் புதர் வரைக்கும் போனேன். அவளைக் காணவில்லை. அங்கேதான் கவனித்தேன், எனக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள். நான் நின்றால் நிற்கிறது. நான் நடந்தால் நடக்கிறது. திரும்பினால் நாணல் மட்டும் அசைகிறது, காற்றே இல்லாமல்.

ஓடினேன். அதுவும் ஓடியது. நாற்பத்தாறு வயதில், தொப்பையோடு, ஏரியை ஒரு முழுச் சுற்று ஓடினேன். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

வீட்டுக்குள் விழுந்தேன். கூடத்தில் விஜியும் ராஜம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் ஆபீஸ் பை. இருவர் கையிலும் லட்டு.

ராஜம்மா மூக்கை உறிஞ்சினார். நீளமாக, ஈரமாக.

"நீங்களா?" என்றேன்.

"எனக்கு சைனஸ் கீது தம்பி. சும்மா நின்னாலே வரும். உன் ஊட்டுப் பின்னால வந்து நில்லுக்கான்னு விஜி சொல்லிச்சு. நின்னேன். அந்த மீனுதான் மனசு ஆறல. நல்ல கெண்டை, முழம் நீளம். பாதியக் குழம்பு வெச்சேன், மீதி வீணாப் பூட்ச்சு."

"கதவைக் கீறினது?"

"கரண்டி" என்றாள் விஜி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூச்சே இன்னும் வந்து சேரவில்லை. விஜி சிரிக்கப் போனவள், என் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வெறுங்காலோடவா ஓடினீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வலது பாதத்தில் முள் ஏறி, ரத்தம் தரையெல்லாம் ஒற்றியிருந்தது. ராஜம்மா சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டார். விஜி வெந்நீர் கொண்டுவந்து என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முள்ளை எடுத்தாள். காயத்தை மூன்று முறை கழுவினாள். நான்காவது முறை கழுவப் போனபோது, "போதும் விஜி" என்றேன்.

"போதுமா போதாதான்னு எனக்குத் தெரியும்" என்றாள். குரல் சரியாக இல்லை.

கட்டுப் போட்டு முடித்தபின் சமாதானமாக, "ஏரியில பின்னாடியே வந்து மிரட்டினது மட்டும் கொஞ்சம் அதிகம்" என்றேன்.

"யாரு வந்தது?"

"நீதான்."

விஜி என்னைப் பார்த்தாள். "நான் ரெண்டு நாளா ஏரிக்கே போகலங்க. நீங்க பயந்து தெருமுனை வரைக்கும் ஓடிட்டுத் திரும்பிடுவீங்கன்னுதான் நினைச்சேன். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கதான் லட்டு தின்னுகிட்டு இருந்தோம்."

அவள் விளையாடுகிறாளா என்று முகத்தைத் தேடினேன். விளையாடவில்லை. பின்கதவுப் பக்கம் இருட்டு நன்றாக இறங்கியிருந்தது.

"அப்ப என் பின்னாடி ஓடி வந்தது யாரு?"

விஜி கட்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

"காயம் ஆறட்டும். ரெண்டு பேருமா தினம் போய்ப் பார்த்துடலாம். ஷூ போட்டுக்கோங்க."