பெண் பார்க்கப் போன கிட்டார்

பெண் பார்க்கப் போகிற ஆண்பிள்ளை கையில் பழம் கொண்டுபோகலாம், பூ கொண்டுபோகலாம், கைக்குட்டை கட்டாயம் கொண்டுபோக வேண்டும். திறமையை மட்டும் கொண்டுபோகக் கூடாது. பெண் வீட்டார் விசாரிப்பது வேலையையும் சர்ச்சில் உள்ள நற்பெயரையும்தான். திறமையை யாரும் கேட்பதில்லை. கேட்காத பொருளைக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் இறக்கியவன் என்ன ஆவான் என்பதற்கு நானே உதாரணம்.

என் திறமை ஒரு பழைய கிட்டார். அதைப் போர்வையில் சுற்றி, தூத்துக்குடியிலிருந்து நாசரேத் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். (பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சீக்குப் பிள்ளை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.)

எழுபதுகள் முடியப்போகிற நேரம் அது. நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. துறைமுகத்துக்குக் கப்பல் வந்ததும் ஏணியில் ஏறிப்போய் காகிதங்களில் கேப்டனின் கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. இதனால் உலக நாடுகள் எல்லாம் எனக்குப் பழக்கம் என்று ஒரு நினைப்பு இருந்தது. உண்மையில் எனக்குப் பழக்கமானவை கப்பலின் ஏணியும் சமையலறையும் மட்டும்தான்.

அப்படி ஒரு சமையலறையில்தான் வினை பிடித்தது. அமெரிக்காவிலிருந்து கோதுமை கொண்டுவந்த கப்பல். அதன் சமையல்காரர் ஆறடிக்கு மேல் உயரம், வாய் ஓயாத மனிதர். நான் கொடுத்த ஒரு பெட்டி மக்ரூனை நின்ற இடத்திலேயே தின்று முடித்துவிட்டு, பதிலுக்கு ஒரு கேசட்டைத் தந்தார். மேலே பெயர் ஒன்றும் இல்லை. அவருடைய ஊர் ரேடியோவிலிருந்து பதிவு செய்ததாம்.

வீட்டில் போட்டுக் கேட்டேன். அதில் இருந்தவர் பாடவில்லை, பேசினார். தாளம் ஓடிக்கொண்டே இருக்க, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மூச்சு விடாமல் பேசினார். தெருக்குழாயடிச் சண்டையின் வேகம், ஆனால் ஒரு அடி பிசகவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அதற்கு ராப் என்று பெயர் இருப்பது தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு நானாக வைத்த பெயர் வேகப்பாட்டு.

இந்தியாவிலேயே இதைக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று முடிவு செய்தேன். (யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் முடிவு மாறிவிடும்.) முதல் ஆள் என்றான பிறகு சும்மா இருக்க முடியுமா? பாடிக் காட்ட வேண்டியது கடமை அல்லவா?

ஒரே ஒரு சிக்கல், அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தது துறைமுக ஆங்கிலம். ஆகவே சத்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தேன். சத்தமும் பிடிபடாத இடங்களில் விஞ்ச், டெரிக் என்று சரக்குத் தூக்கும் யந்திரங்களின் பெயர்களையும், டெமரேஜ், பில் ஆஃப் லேடிங் என்று கப்பல் காகிதங்களில் வரும் வார்த்தைகளையும் போட்டு அடைத்தேன். அவையும் உட்காராத இடங்களில் ‘ரக்கட டிக்கட ஷப்பட ஷபா’ என்று என் சொந்தச் சரக்கு. கேசட்டில் கிட்டார் கிடையாது. ஆனால் என்னிடம் கிட்டார் இருந்ததே! ஐந்து கம்பிதான் என்றாலும் கிட்டார் கிட்டார்தான். மொட்டை மாடியில் கண்ணை மூடிக்கொண்டு, காலால் தரையை மிதித்துக்கொண்டு, மாதக்கணக்கில் சாதகம் செய்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏலே செல்வின், யாருகூடல சண்ட போடுத? ஆளையே காணோமே!”

கலைஞனுக்கு உள்ளூரில் மதிப்பு இருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இதற்கு நடுவில்தான் கிரேஸ். நாசரேத்தில் ஒரு கல்யாணத்தில் அவள் பைபிளிலிருந்து வேதபாடம் வாசித்ததைக் கேட்டேன். எந்த அதிகாரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கே அம்மாவிடம், “கட்டினா இந்தப் பிள்ளையத்தான் கட்டுவேன், இல்லன்னா வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். அவள் அப்பா ஆசீர்வாதம் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபையில் மூப்பர். அப்பா இல்லாத என்னை வளர்த்த அம்மா, யார் யாரையோ பிடித்து, யார் யாருக்கோ கருப்பட்டி கொடுத்தனுப்பி, ஒருவழியாகப் பெண் பார்க்க நாள் வாங்கினாள்.

புறப்படும்போது அம்மா போர்வைச் சுருட்டைப் பார்த்துவிட்டாள்.

“ஏல, அத எதுக்கு எடுக்க? கிட்டாரு, கைத்தட்டு எல்லாம் பெந்தெகொஸ்தேக்காரங்க சமாச்சாரம். அந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆளு அங்கன போயிருக்கு. சாரு அந்தக் கோவத்துல இருக்காரு.”

விஷயம் இதுதான். எங்களுடையது பழைய மிஷன் சபை. ஆர்கன் உண்டு, கீர்த்தனை உண்டு. எழுந்திருக்கிற இடத்தில் எழுந்து, உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, ஆமென் சொல்கிற இடத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பெந்தெகொஸ்தே சபை அந்தப் பக்கத்தில் அப்போது பரவிக்கொண்டிருந்தது. அங்கே கிட்டார், கைத்தட்டல், வளர்ந்தவர்களைத் தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம். ஆவி இறங்கினால் யாருக்கும் தெரியாத அந்நிய பாஷையில் பேசுவார்கள், அதற்கு அபிஷேகம் என்று பெயர். ஆசீர்வாதம் சாரின் சொந்தத் தங்கை ரூபி அத்தையே நகையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அந்தச் சபைக்குப் போய்விட்டார். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள், ஜெபம் மட்டும் தனித்தனி.

இதெல்லாம் தெரிந்தும் நான் கிட்டாரை எடுத்துப் போனேன் என்றால், என் மூளை அன்றைக்கு எந்தக் கப்பலில் ஏறிப் போயிருந்ததோ!

நாசரேத் வீட்டில் நல்ல வரவேற்பு. காப்பி, மிக்சர், ஆளுக்கொரு பெரிய துண்டு மஸ்கோத் அல்வா. ஆசீர்வாதம் சார் வேட்டியின் மடிப்புகூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். கிரேஸ் காப்பி கொடுத்துவிட்டு, கதவுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடுக்களை வாசலில் வெள்ளைச் சேலையில் ரூபி அத்தை. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. சார் என் சம்பளத்தில்கூடக் குறை சொல்லவில்லை.

“தம்பி ஏதோ வாத்தியம் கொண்டு வந்திருக்காப்ல இருக்கே. ஒரு பாட்டு பாடட்டுமே” என்றார். அவர் மனதில் இருந்தது கீர்த்தனை. சத்தியமாகச் சொல்கிறேன், என் மனதிலும் கீர்த்தனைதான் இருந்தது. ஆனால் திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“எல்லாரும் பாடுறதையே பாடாண்டாம்ப்பா. புதுசா ஏதாவது பாடச் சொல்லுங்க.”

போதாதா எனக்கு? அல்வாவின் கடைசித் துண்டை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு கிட்டாரை எடுத்தேன். கண்ணை மூடினேன். காலை மிதித்தேன்.

முதல் நாலு வரி நன்றாகவே போயிற்று. அதற்குப் பிறகு அல்வா மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. மனப்பாடம் செய்ததில் பாதி மறந்தது. நிறுத்தினால் அவமானம், ஆகவே வேகத்தைக் கூட்டினேன். விஞ்சும் டெரிக்கும் ஒன்றோடொன்று மோதின. பிறகு அவையும் தீர்ந்துபோய், ரக்கட டிக்கட ஷப்பட ஷபா மட்டும் ஆறாகப் பெருகியது. உடம்பு குலுங்கியது. வியர்வை கிட்டாரில் சொட்டியது.

அப்போதுதான் கைத்தட்டல் கேட்டது. சரியாகத் தாளத்தில், ஒரு அடி பிசகாமல்! அசத்திவிட்டேன் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே இன்னும் வேகமாகப் போனேன்.

“ஸ்தோத்திரம்! அல்லேலூயா! இறங்கிட்டாரு! இறங்கிட்டாரு!”

கண்ணைத் திறந்தேன். கூடத்தின் நடுவில் ரூபி அத்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கண்ணில் தாரைதாரையாகக் கண்ணீர். ஆசீர்வாதம் சார் எழுந்து நின்றிருந்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“தம்பி, மறைக்காம சொல்லணும். முங்கியாச்சா?”

(முங்குவது என்றால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்து அந்தப் பக்கம் போய்விட்டாயா என்று கேட்கிறார்.)

“ஐயோ, இல்ல சார்! இது வெறும் இங்கிலீஷ் பாட்டு சார்!”

“நான் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்துனவன். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தகூட இங்கிலீஷ் இல்லையே! சரி, இங்கிலீஷ்னா அதுக்கு அர்த்தம் சொல்லுங்க.”

எனக்கே தெரியாத அர்த்தத்தை எங்கே போய்ச் சொல்வது?

ரூபி அத்தை எனக்காகப் பரிந்து பேச முன்னால் வந்தார். “அர்த்தம் கேக்காதீங்கண்ணே! பேசுதவனுக்கே அர்த்தம் தெரியாது. அதான அடையாளமே!”

அர்த்தம் தெரியும் என்றால் சொல்லியாக வேண்டும். தெரியாது என்றால் அபிஷேகம் உறுதி. கப்பல் சமையல்காரன் தந்த பாட்டு என்று உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கப்பல்காரர்களோடு கூடிக் குடிக்கிறவன் என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கிரேஸைப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை. திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மகனைக் காப்பாற்ற அம்மா குறுக்கே பாய்ந்தாள்.

“அண்ணாச்சி, என் பிள்ளையச் சந்தேகப்படாதீங்க. இவனாவது அந்தச் சபைக்குப் போறதாவது! நம்ம கோயிலுக்கே ஒழுங்கா வரமாட்டான். ஞாயித்துக்கெழம ஆராதனை நேரத்துல தூங்கிட்டுல்லா கெடப்பான்!”

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

“யோசிச்சுச் சொல்லுதோம்” என்றார் ஆசீர்வாதம் சார். அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

ரூபி அத்தை விடவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வந்து நின்ற பிறகும் என் தலையில் கையை வைத்து ஜெபம் செய்தார். கண்டக்டரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். திரும்பும் வழியில், ஸ்ரீவைகுண்டம் பாலம் தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதேன். பாழாய்ப்போன ஒரு பாட்டுக்காக அந்தப் பெண்ணை இழந்துவிட்டேனே!

அடுத்த வாரம் ஆசீர்வாதம் சார் தூத்துக்குடிக்கு வந்தார். தனியாக. காப்பியைத் தொடவில்லை.

“ரூபி உங்களுக்கு அவுக சபையிலயே பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டா” என்றார். “ஏற்கெனவே எங்க வீட்டுல ஒரு ஆத்துமாவ விட்டுட்டேன். இன்னொண்ண விடமாட்டேன். கிரேஸத் தாரேன். ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கெழம தவறாம ஆராதனைக்கு வரணும். பாடகர் குழுவுல, ஆர்கனுக்குப் பக்கத்துல, உங்க வாய் எனக்குத் தெரியுத இடத்துல நிக்கணும். கிட்டாரத் தொடக் கூடாது.”

அம்மா, அவர் மனசு மாறுவதற்குள் வெற்றிலை பாக்கை நீட்டிவிட்டாள். இப்படியாக, என்னைப் பெந்தெகொஸ்தேவிடமிருந்து மீட்பதற்காக எனக்குக் கல்யாணம் நடந்தது.

கல்யாணமான புதிதில் ஒருநாள், துறைமுகக் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, கிரேஸ் சாதாரணமாகக் கேட்டாள்.

“பாட்டுல டெமரேஜ் எதுக்கு வந்துச்சு?”

சுண்டல் புரையேறிவிட்டது. “உனக்குப் புரிஞ்சுதா?”

“விஞ்சு, டெரிக்கு, பில் ஆஃப் லேடிங் எல்லாம் புரிஞ்சுது. திரைக்குப் பின்னால வாய்ல சேலையத் திணிச்சுக்கிட்டுல்லா சிரிச்சேன். ரூபி அத்த உங்களுக்குப் பொண்ணு பாக்காவன்னு அப்பாகிட்ட சொன்னதே நான்தான்.”

“அன்னைக்கே உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாத்தியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா அப்பா என்னை உங்களுக்குத் தந்திருப்பாரா? பெந்தெகொஸ்தேக்காரன்னா மீட்டுரலாம்னு நம்பிக்கை உண்டு. பைத்தியக்காரன மீட்க முடியுமா?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். டாக்டர் சீட்டு, பாங்க்காரர் விளக்கம், என் கையெழுத்து, எது புரியாமல் போனாலும் யாராவது ஒருவர் “அர்த்தம் கேக்காதீங்கண்ணே!” என்பார். மற்றவர்கள் எல்லாரும் கூட்டமாக “அதான அடையாளமே!” என்பார்கள். மாமனார் இருந்தவரை அவர் மட்டும் இதற்குச் சிரித்ததில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு என் பேரன் கிட்டாரோடு வந்து ராப் பாடினான். அவனே எழுதிய பாட்டு, சுத்தமான தமிழ். பாடி முடித்ததும் எல்லாரும் தட்டினோம். சக்கர நாற்காலியில் இருந்த ரூபி அத்தை மட்டும் தட்டவில்லை. தொண்ணூறு வயதாகிறது, காது மட்டும் துல்லியம்.

“என்ன பாட்டி, நல்லா இல்லையா?” என்று கேட்டான் பையன்.

அத்தை பரிதாபமாக அவனைப் பார்த்துவிட்டு, என் பக்கம் கையைக் காட்டினார்.

“ஒன் தாத்தாவுக்கு இருந்த அபிஷேகம் ஒனக்கு இல்லய்யா. நீ பாடுதது எனக்கே புரியுதே!”