புகையும் பை

அந்த உதிரிபாகக் கடை வாசலில் பை ஜோசியர் உட்கார்ந்த நாளிலிருந்து தெருவில் நடக்க இடமில்லை. மோட்டார்சைக்கிளில் எந்தப் பக்கம் பை மாட்டுவது என்று தெரியாமல் உலகமே அதுவரை தவித்துக்கொண்டிருந்ததாம். ஜோசியர் பெட்ரோல் டாங்கில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எல்லா வண்டிக்கும் ஒரே தீர்ப்புச் சொன்னார்:

"வலது பக்கம். சைலன்சரை ஒட்டி. திருஷ்டி இருந்தா தானா புகையும்!"

புகைந்தது. திருஷ்டி இல்லாத ஆளே ஊரில் இல்லை. பொசுங்கிய பைக்குப் பதில் புதுப் பை வாங்க ஜனம் மறுபடி வரிசையில் நின்றது. கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

வரிசையில் முட்டாள்கள் யாருமில்லை. எல்லோரும் நம்மைப் போன்றவர்கள். பாய்லர்காரரும் நின்றார். ஆலையில் சூடான குழாயருகே எவனாவது துணி காயப்போட்டால் அவனை வறுத்தெடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மேதை, சொன்ன பையைச் சொன்ன இடத்தில் மாட்டி, தையல்காரி மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். பைக்குள் பள்ளி நாடகத்துக்கு அவள் தைத்த உடுப்புகள். அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை. மாலையில் நாடகம்.

பாதி வழியில் பொசுங்கல் நாற்றம்.

"பாத்தியா! திருஷ்டி கழியுது!" பாய்லர்காரர் பூரித்துப்போனார்.

"கழியறது ராஜாவோட அங்கி. நிறுத்துங்க!"

அங்கியின் பின்புறம், ராஜா உட்காரும் இடத்தில், தட்டளவு ஓட்டை. அவள் அழவில்லை. "திருப்புங்க வண்டிய" என்றாள். அந்தக் குரலுக்கு மறுபேச்சுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

ஜோசியர் ஓட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். "பயங்கரத் திருஷ்டிம்மா. உயிர் தப்பிச்சீங்க."

"உங்களுக்கு உண்டா சாமி?"

"எனக்கா? துளிகூடக் கிடையாது." கூட்டம் கைதட்டியது.

"அப்ப உங்க பை புகையாது." அவர் தோள்பையை உருவி, சூடு ஆறாத சைலன்சரோடு சேர்த்துக் கட்டினாள். "ஏங்க, ஆக்சிலேட்டர நல்லா முறுக்குங்க."

பாய்லர்காரர் முறுக்கினார். ஜோசியர் சிரித்தார். பிறகு சிரிப்பதுபோல் இருந்தார். பிறகு மூக்கு விடைத்தது. மெல்லப் புகை கிளம்பியது.

"அட, சாமிக்கே திருஷ்டி!" என்றது ஒரு குரல்.

"யோவ், நிறுத்துய்யா! உள்ள செல்போன் இருக்கு! கொதிக்கிற சைலன்சர்ல கட்டினா பை பத்திக்காதா? அறிவில்ல?"

அந்த வாசலில் உட்கார்ந்து அவர் சொன்ன ஒரே சரியான வாக்கு அதுதான். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. கருகிய பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். கடை ஷட்டர் தானாக இறங்கியது.

மனைவி பையை இடது பக்கம் மாற்றி வாரை இறுக்கினாள். மந்திரியின் சால்வையில் ஒரு துண்டு வெட்டி ராஜாவுக்கு ஒட்டுப்போட இன்னும் நேரமிருந்தது. கூட்டம் விட்டால்தானே!

"அம்மா, இனி நீங்களே சொல்லிடுங்க. எங்க வண்டிக்கு எந்தப் பக்கம்?"

"தொட்டுப் பாருங்க. சுடாத பக்கம்."

எல்லோரும் ஆழ்ந்து யோசித்தார்கள். பாய்லர்காரர்தான் பணிவாகக் கேட்டார்: "எந்தக் கையால தொடணும்?"

"தலையால தொடுங்க" என்றாள். "இத்தன வருஷமா சும்மாதானே இருக்கு."