ஐஸ் கிராணியின் புளூபெரி

மலாக்கா வெயிலுக்கு ஐஸ் வாங்கித் தின்றவர்கள் எத்தனையோ பேர். செடிக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தவர் ஒருவர்தான். அவரைப் போல இன்னொரு மனிதர் இந்த உலகத்தில் பிறந்ததில்லை என்று நான் சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார்.

நான் கல்யாணமாகிக் காஜா பெராங்குக்கு வந்தபோது அவர் எதிர்வீட்டில் இருந்தார். தோட்டக் கம்பெனி ஒன்றின் டவுன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அவருக்குப் பெயர் என்று ஏதோ இருந்தது. ஐஸ் கிராணி என்ற பட்டம் வந்த பிறகு தபால்காரர்கூட அதை மறந்துவிட்டார்.

மெர்டேக்கா என்னும் சுதந்திரம் வரப்போகிறது என்று வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். கிராணியின் துரை வீட்டுத் துரைசாணி மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இவர் கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள். தொட்டியில் குச்சி குச்சியாக ஒரு செடி. புளூபெரியாம். நீலப் பழம் பழுக்குமாம். மண் புளிப்பாக இருக்க வேண்டும், வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு கிராணி வீட்டு நிம்மதியும் கப்பலேறியது.

புளிப்புக்கு முதலில் புளித்தண்ணீர் போனது. அடுத்து மோர், பிறகு ரசம். காப்பிக்கடையில் வடிகட்டிய தேயிலைச் சக்கையைப் பக்கெட்டில் வாங்கி வந்து கொட்டினார். தினமும் காலையில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"இன்னும் புளிப்பு பத்தல, காமாட்சி."

"உப்பு ஒறப்பு சரியா இருக்கா? அதையும் பாத்துச் சொல்லுங்க!" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் பதில் வரும்.

குளிர்ச்சிக்கு ஐஸ். ஆபீஸ் விட்டதும் சைக்கிளின் பின்னால் ஒரு கட்டி ஐஸை மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவார். தெருவெல்லாம் தண்ணீர் சொட்டும். தொட்டியைச் சுற்றி அதை அடுக்கி, மேலே குடையை விரித்துக் கட்டிவிட்டு, செடிக்கு "குட் ஈவினிங்" சொல்வார். துரைசாணி வளர்த்த செடிக்குத் தமிழ் புரியாதாம். அதனால் காமாட்சி அக்காவுக்கு ரொம்ப வசதி. செடிக்கு எதிரிலேயே நின்றுகொண்டு அதன் ஏழு தலைமுறையையும் தமிழில் திட்டுவார்.

ஒருநாள் ரசச் சட்டி காலியாக இருந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "தீபாவளிக்குள்ள அது காய்க்கல, அந்த எடத்துல கோழிக்கூடு கட்டிருவேன். சொல்லிட்டேன்!"

கிராணி விடுவாரா? அன்று மாலையே வீடு வீடாக ஏறி இறங்கினார். "தீபாவளிக்கு எங்க வீட்டுல புளூபெரி. எல்லாரும் வந்துரணும்." இனிமேல் பழம் வராவிட்டால் போவது செடி மட்டுமல்ல, மானமும்தான்.

மெர்டேக்கா கொண்டாட்டத்தைப் பார்க்க அவர் கோலாலம்பூருக்குப் போனார். செடியை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அவர் இல்லாத ஒரு மத்தியானம், கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எங்கள் வீட்டுப் பின்பக்கத்துப் புதரிலிருந்து வந்தார். முழங்கை வரை மண். முந்தானைக்குள் வேரோடு ஒரு செடி. ரோட்டோரமெல்லாம் தானாக முளைக்கிற செண்டுடுக். ஊதாப் பூ பூக்கும், பழத்தைத் தின்றால் நாக்கு மை கொட்டியது போல் ஆகிவிடும்.

"நீ ஒண்ணும் பாக்கல, தங்கச்சி."

"இல்லக்கா. பாக்கல."

"அது செத்துப்போச்சுலா. ஐசு, ரசம் எல்லாம் ஊத்திதான் பாத்தேன்." அக்கா முந்தானையை இழுத்துச் செடியை மறைத்தார். "அந்த மனுசன் வந்து பாத்தா தாங்கமாட்டாரு."

அத்தனை நாள் திட்டிய வாய் அது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

கிராணி திரும்பி வந்தார். தொட்டியை ஒரு சுற்று சுற்றினார். இலையைத் தடவினார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "மெர்டேக்கா கெடச்சதும் செடிக்கும் ரோசம் வந்துருச்சு பாரு, காமாட்சி! நம்ம ஊரு வெயிலுக்கு எலகூட தோலு தடிச்சிருச்சு!"

தீபாவளியன்று வெள்ளித் தட்டில் ஆளுக்கு ஒரு பழம். தெருவே வரிசையில் நின்று பயபக்தியோடு வாங்கித் தின்றது. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறி, இப்போது மலாய் மட்டுமே பேசும் பக்கத்து வீட்டு மலாக்காச் சிட்டிக்காரர்தான் பழத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஈனி செண்டு..." அதாவது 'இது செண்டு...' என்று ஆரம்பித்தார். அக்கா ஒரு முழு அதிரசத்தை அவர் வாயில் திணித்தார்.

கோழிக்கூடு கட்டவில்லை. தெருவே நீல நாக்கோடு சிரித்துக்கொண்டு வீடு திரும்பியது.

அடுத்த மாதமும் கிராணி சைக்கிளில் ஐஸ் சொட்டச் சொட்ட வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அதான் காய்ச்சிருச்சே. இன்னும் எதுக்கு ஐசு?"

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தோட்டத்துல பொறந்து வளந்தவன்மா நான். எனக்குச் செண்டுடுக் தெரியாதா? நிறுத்துனா அவளுக்குத் தெரிஞ்சிரும்."

சொல்லிவிட்டு, தொட்டியைச் சுற்றி ஐஸை அடுக்கி, குடையைச் சரிசெய்து, "குட் ஈவினிங்" என்றார். நாங்கள் அந்தத் தெருவை விட்டுப் போகும்வரை ஒருநாள்கூட அவர் ஐஸை நிறுத்தவில்லை.