கன்னியப்பன் கேட்க விரும்பிய சாவுப் பாட்டு

செத்தவர்களைப் பற்றிப் பாடுவதில் ஒரு வசதி உண்டு. பாட்டு நன்றாக இல்லை என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் சாவு வீடுகளில் மரண கானா பாடத் தொடங்கினேன். (உயிரோடிருப்பவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.) பிறகு தனியாகப் பாட்டெழுதி, தனியாகப் பாடி, தனியாகப் பதிவு செய்து, பெரும்பாலும் தனியாகவே கேட்டுக்கொள்ளும் பாடகனாக வளர்ந்தேன்.

என் முதல் ஆல்பத்துக்கு ஒரு பாட்டு குறைந்தது. அந்த நேரத்தில்தான் நெட்டுக்குப்பம் கன்னியப்பன் கூப்பிட்டனுப்பினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“நான் பூட்டப்பறம் நீ பாடுவ, ஊரே கேக்கும். எனுக்கு மட்டும் கேக்காது. இன்னா நாயம் இது? இப்பவே பாடி ரெகார்டு பண்ணு நைனா.”

“உயிரோட கீறவருக்குப் பாடுனா ஆவாது அண்ணாத்தே.”

“ஆவலன்னா எனுக்குத்தான ஆவாது? நீ பாடு.”

ஆல்பம் ஆசையில் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மைக்கோடு போனபோது வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி மணலி புதுநகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்து மின்நிலையத்தின் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறியது. “உனுக்கு ஃபீலிங் வரணுமில்ல?” என்றவர் பெஞ்சில் நீட்டிப் படுத்து, துண்டால் தாடையைக் கட்டி, நெற்றியில் ஒரு ரூபாயையும் வைத்துக்கொண்டார். (சத்தியமாக நான் கேட்கவில்லை.) அந்தக் கோலம் அவருக்கு அவ்வளவு பொருந்தியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி ஹெட்ஃபோனை மாட்டியதும் அவருடைய மூச்சு என் காதுக்குள் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்.

“கிரேனு மேல குந்திகினு கடலப் பாத்த ராசா,
கீழ எறங்கி வான்னு உனுக்குக் கைய காட்டுனது யாரு?”

இரண்டாவது சரணத்தில் காதுக்குள் மூச்சைக் காணோம். என் குரல் இருந்தது, மின்நிலையத்தின் உறுமல் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை. பாட்டே ஆளை முடித்துவிட்டது! நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டுமே என்ற பயத்தில் விடாமல் பாடினேன். அப்போது ஹெட்ஃபோனில் ஒரு விசும்பல். பிறகு இன்னொன்று. இதுவரை நான் பாடி அனுப்பிய அத்தனை பேரும் கன்னியப்பனைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கண்ணைத் திறந்தால் அறை நிறைய ஜனம். பாட்டுச் சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா தெருவையே கூட்டிவிட்டிருந்தார். யாரோ மாலை போட்டிருந்தார்கள். யாரோ ஐஸ் பெட்டிக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணப் பந்திச் சண்டைக்குப் பிறகு கன்னியப்பனோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த அவருடைய மச்சான் துளசி, அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

“தெனம் வந்து பேசலாம்னுதான் நெனப்பேன் மாமா. அதுக்குள்ள முந்திகினியே!”

அதைக் கேட்டதும் அடுத்த வரி மறந்துபோனது. பாட்டு நின்றது. அந்த நிசப்தத்தில், கட்டிய தாடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னாடா நிறுத்திட்ட? மச்சான் இப்பத்தான அழவே ஆரம்பிச்சான்.”

முதலில் ஓடியவன் நான். கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோன் ஒயர் பின்னாலிருந்து இழுத்தது. “பொணம் புட்ச்சிகிச்சி!” என்று அலறியபடி மைக்கையும் ஸ்டாண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருந்த முகத்துவாரச் சேற்றில் போய் விழுந்தேன். எனக்குப் பின்னால் எதுவோ ஒற்றைக்காலில் குதித்து வருவதைப் பார்த்தவர்கள் திருவொற்றியூர்ப் பக்கம் ஓடியதாகக் கேள்வி.

ஓடாதவர் துளசி ஒருவர்தான். நான் சேறும் சகதியுமாகத் திரும்பியபோது, மாலையைக் கழற்றி அதனாலேயே கன்னியப்பனை அடித்துக்கொண்டிருந்தார். அடித்தவரும் அழுதார், வாங்கியவரும் அழுதார்.

“மச்சான் தலையப் பாத்ததும் மூச்ச அடக்கிகினேன்” என்றார் கன்னியப்பன். பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சரணம் முழுக்க மூச்சே இல்லை. அவ்வளவு நேரம் யாரால் அடக்க முடியும்? அவரும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, “அத்த அப்டியே வுட்று” என்றார், மெதுவாக.

அதன் பிறகு அவர் பாட்டை முடிக்க விடுவதில்லை. பேரன் பிறந்தான், ஒரு சரணம் சேர். துளசியோடு திருப்பதி போனோம், இன்னொரு சரணம் சேர். ஆல்பம் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், “அதுக்கு ஒரு பெரியவர் மனசு வெக்கணும்” என்கிறாள் என் மனைவி. அவர் ஃபோன் வந்தால், “அப்பா, பொணம் லைன்ல கீது!” என்று மகள் தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள். எந்த வேலையிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன். ஆல்பம் வராமலே போகட்டும்.