கேப்டனை விடுவிக்க மூன்று கையெழுத்து

எந்த விதியையும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு பாராட்டக் கூடாது. நான் பாராட்டினேன், அனுபவித்தேன்.

அப்போது நான் ராணுவத்தில் கேப்டனாகி மூன்று மாதம் (தலைக்கனத்துக்கு மட்டும் மூன்று வயது). எல்லையில் நடக்கும் சின்னச் சின்ன மோதல்களில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் சேர்ந்து இயங்குவதற்குப் புதிய கோட்பாடு ஒன்றை எழுதியிருந்தார்கள். அதை மதிப்பிடும் குழுவில் நானும் இருந்தேன். 'சந்தேகத்தில் பிடிபட்டவரை விடுவிக்க மூன்று படை அதிகாரிகளும் கையெழுத்திட வேண்டும்' என்ற விதிக்கு எதிரே, 'மிகச் சிறப்பு!' என்று எழுதினேன்.

மறுநாள் சிம்பாங் அம்பாட்டில், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையில் ஒத்திகை. எதிரிகளாக நடிக்க ஆறு வீரர்கள். மதிப்பிடுபவர்கள் சாதாரண உடையில், கையில் வெள்ளைப்பட்டை கட்டியிருக்க வேண்டும். நான் கட்டவில்லை (புதுச் சட்டை கசங்கிவிடுமாம்!). பின்பக்க ஜன்னலில் எட்டிப்பார்த்துக் குறிப்பெடுத்தபோது ஒரு கடற்படை வீரன் என்னைப் பிடித்தான்.

"அக்கா, என்ன எழுதுறீங்க?"

"அக்காவா? நான் கேப்டன்!"

"கையில பட்டை எங்க?"

"வெளிய நிறுத்தியிருக்கேனே, என் காடியில இருக்கு."

"பிடிபட்ட எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க லா."

என் கைகளைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டி, ஏற்கெனவே பிடிபட்டிருந்த அந்த ஆறு எதிரிகளோடு உட்கார வைத்தான். எங்கள் குழுத் தலைவர் மேஜர் நசீர் வந்தார். அப்பாடா என்றிருந்தது.

"சார், அவிழ்க்கச் சொல்லுங்க!"

"எப்படிம்மா? விதி வேலை செய்யுதான்னு பார்க்கத்தானே வந்திருக்கோம்? நீங்களே 'மிகச் சிறப்பு'ன்னு எழுதியிருக்கீங்க."

தரைப்படை கையெழுத்து உடனே கிடைத்தது, கடற்படையும் போட்டது. விமானப்படை அதிகாரியைக் காணோம். கடற்பாலம் தாண்டி, தீவிலுள்ள சூலியா தெருவுக்கு நாசி கண்டார் சோறு சாப்பிடப் போயிருந்தார்! நாட்டைக் காக்கும் மனிதருக்கு இந்தக் கரையில் சோறே கிடைக்காதா?

அதைவிட அநியாயம், எதிரிகளுக்கு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வந்தது. எனக்கு வரவில்லை. கைதிகளுக்கு உணவு தர விதி இருந்தது, சந்தேகத்துக்குரியவர்களுக்கு இல்லை. நாட்டின் எதிரிக்குச் சோறு, நாட்டின் கேப்டனுக்குப் பட்டினி! பக்கத்து எதிரி இரக்கப்பட்டுப் பாதியை நீட்டினான். தன்மானத்தோடு மறுத்தேன். இரண்டாம் முறை நீட்டியபோது, கட்டிய கைகளாலேயே அள்ளித் தின்றேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து விமானப்படை வந்தது, ஏப்பம் விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டது.

மறுவாரம் ஜெனரல் முன்னால் என் குறிப்பை வாசித்த மேஜர், "இன்னமும் இதுதான் உங்க கருத்தா?" என்றார்.

"அதை எழுதினப்போ என் கை கட்டியிருக்கலை, சார்."

ஜெனரல் சிரிக்கவில்லை. ஒரே கையெழுத்து போதும், பிடிபட்ட எவருக்கும் சோறு உண்டு என்று கோட்பாட்டைத் திருத்தச் சொன்னார். என் பணிக்காலத்தில் நான் சாதித்தது அது ஒன்றுதான்.

வீட்டில்தான் இன்னும் திருத்தம் வரவில்லை. போன தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் வழிதவறிப்போனேன். தேடி வந்து பிடித்த மகள், என் கையை விடாமலேயே கணவருக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அம்மா பிடிபட்டுட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்களும் தம்பியும் வந்து போட்டா விட்டுடலாம் லா."